வாரேன் என்று சொல்லாத மேஸ்திரி

ஜேடர்பாளையம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் புறப்படும்போது "வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி "போறேன்" என்று சொன்னவனை வீட்டுப் பெண்கள் விட மாட்டார்கள். வாசலிலேயே நிறுத்திவைத்து, "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்று திருத்திச் சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புவார்கள். சாவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பலாம். ஆனால் கரை மேஸ்திரி அர்த்தநாரி கல்யாண வீடானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி, தாம்பூலத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "செரி, போறேன்" என்று பட்டென்று சொல்லுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். மணப்பெண்ணின் தாய்க்கு அப்போது முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பட்டாளத்துக்குப் போய் வந்த திமிர் என்று சிலர் சொன்னார்கள். பஸ்ரா வெயில் மண்டைக்குள் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். அவர் மனைவி சாலம்மாளைக் கேட்டால் அவள் பிடி கொடுக்க மாட்டாள். "அந்த வார்த்தய அவரு சொல்லிப் பட்டதே போதுமுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அது என்ன என்று சொல்ல, மனுஷர் பட்டாளத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கிய அர்த்தநாரி, தகரப் பெட்டியைப் பிளாட்பாரத்தில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பெட்டியைத் தூக்க வந்த கூலிக்காரனிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், அப்பன் பெயர் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "வேண்டாம், நீ போ" என்றார். ஜட்கா வண்டிக்காரனின் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் பெட்டியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்தார். ஊருக்கு வந்த பத்தாம் நாள் மாமனார் வீட்டில் விருந்து வைத்தார்கள். முதல் உருண்டையை எடுத்து நாய்க்குப் போட்டு, அது வாலை ஆட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மருமகன் சாப்பிட்டார். அந்த வீட்டில் அவருக்கு அடுத்த விருந்து கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று.

பிறக்கும்போதே அப்படி இருந்தவர் இல்லை. முதல் மகாயுத்தத்தில், பஸ்ராவைத் தாண்டி மெசபடோமியாவில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் மண் வெட்டிக் கரை போட்ட பயனியர் பட்டாளத்தில் அவர் பத்துப் பேருக்கு மேலான நாயக்காக இருந்தார். அங்கே சண்டை பாதி துப்பாக்கியோடு, பாதி தண்ணீரோடு. எதிரி வந்து கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும், ஆறே உள்ளே புகுந்து பதுங்குகுழியில் இருப்பவர்களை அமுக்கிவிடும். அதனால் கரை முழுக்கக் காவல். ஒருநாள் ஓர் இடத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று சுபேதார் கேட்டபோது, தன் கூடாரத்தில் படுக்கும் சிநேகிதனை அர்த்தநாரியே கைகாட்டினார். "அவன் கண்ண மூட மாட்டான், நான் பொறுப்பு" என்றார். விடிகிற நேரத்தில் அவன் கண்ணை மூடினான். கரை வெட்டுப்பட்டது. ஒன்பது பேரைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அதில் அந்தச் சிநேகிதனும் ஒருவன்.

சுபேதார் ஷஃபியுல்லா சேலம் கோட்டைக்காரர். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காவலுக்கு ஆளை நிறுத்தினால், நேரம் முடிந்ததும் தானே முழங்கால் சேற்றில் நடந்து போய், அவன் தோளைத் தொட்டு, "இறங்கிக்க" என்று சொல்லி அழைத்து வருவார். வேறு ஆளை அனுப்ப மாட்டார். "காவலுக்கு வெச்சவன்தான் போய் எடுக்கணும் அர்த்தநாரி. அங்க நிக்கிறவன் நம்மள நம்பி நிக்கிறான். நாம போகலேன்னா அவன் யாரை நம்பி நிப்பான்?" என்பார். அந்த ஒன்பது பேரைப் புதைத்த அன்றைக்குக்கூட அவர் அந்த வழக்கத்தை விடவில்லை.

ஆக, பட்டாளம் அர்த்தநாரிக்கு இரண்டு பாடம் கொடுத்தது. காவலில் நிற்பவனை நம்பாதே என்பது ஒன்று. காவலுக்கு வைத்தவனே போய் எடு என்பது இன்னொன்று. ஊருக்குக் கிளம்பும்போது அவர் முதல் பாடத்தை மட்டும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது அங்கேயே சேற்றில் கிடந்தது.

பஸ்ராவில் கரை போட்டவர் என்பதால், ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கீழே போகும் வாய்க்கால் கரையைக் காக்கும் மேஸ்திரி வேலை அவருக்குக் கிடைத்தது. கையின் கீழே எட்டு ஆட்கள். காலையில் அவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார். சாயங்காலம் மறுபடியும் எண்ணுவார். மம்பட்டிகளையும் எண்ணுவார். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனால் எந்தப் பக்கம் போனான், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார். அவர் கரையில் ஒரு சேதமும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவரை மெச்சினார்கள். ஆட்கள் மட்டும் அவர் தலை தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பேச்சை நிறுத்துவதைப் பார்த்து அவருக்கு இன்னும் சந்தேகம் வரும்.

இருபத்து மூன்றாம் வருஷம் வெண்ணந்தூரிலிருந்து சடையன் வந்து சேர்ந்தான். நெசவு வேலை படுத்துவிட்டதால் மண் வேலைக்கு வந்தவன். மெலிந்த ஆள், அதிகம் பேச மாட்டான். கேட்ட கேள்விக்கு நிலத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவான். இது ஒன்றே போதாதா அர்த்தநாரிக்கு? வாய்க்கால் கரையோரம் குடிசை போட்டு, மனைவி ஆராயியோடு இருந்தான். அவளுக்கு ஓயாத இருமல்.

அடுத்த வருஷம் ஆனி மாசத்தில், அரசமரத்து வளைவில் கரையின் உட்பக்கம் யாரோ தோண்டியது போன்ற தடத்தை அர்த்தநாரி கண்டார். கையகலத்துக்கு மண் புதிதாக இருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. கரையில் இப்படித்தான் முதலில் பொத்தல் போட்டுவைப்பார்கள். பிறகு வெள்ளம் வரும்போது இரண்டு வெட்டு வெட்டினால் போதும். அக்கரையில் தாழ்வான நிலம் வைத்திருப்பவர்கள், வெள்ளம் தங்கள் பக்கம் ஏறாமல் இருக்க, யாரையாவது பிடித்து இந்தக் காரியத்தைச் செய்யச் சொல்லியிருக்கலாம். யாரை?

பட்டாளத்துத் தந்திரம் ஒன்று கைவசம் இருந்தது. சாலம்மாளின் அடுப்புச் சாம்பலை ஒரு கூடை அள்ளிப் போய், பொழுது சாயும்போது அந்த இடத்தில் தூவிவைத்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தால் சாம்பலில் காலடி. இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. அன்று காலை ஆட்களை வரிசையில் நிறுத்தியபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை; கால்களைப் பார்த்துக்கொண்டே போனார். சடையனின் இடது சுண்டுவிரல் வளைந்து மேலே தூக்கி நின்றது. அவன் மம்பட்டியில் ஈரக் களிமண்.

"மம்பட்டி ஏன்டா ஈரமா இருக்குது?"

"கழுவுனனுங்க" என்றான் சடையன், நிலத்தைப் பார்த்தபடி.

கழுவின மம்பட்டியில் களிமண் எப்படி ஒட்டும்? அர்த்தநாரி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான். சொன்னால் சந்தேகம் தீர்ந்துபோகும். சந்தேகம் தீர்ந்தால் பிறகு எதை வைத்துக்கொண்டு தூங்காமல் படுத்திருப்பது? அன்று வீட்டில் சாலம்மாள், "அந்தாளக் கூப்புட்டு மொகத்துக்கு நேரா ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னங்க?" என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆடி மாசம் காவிரி வந்தது. அந்த வருஷத்து வெள்ளத்தைப் பார்த்தவர்கள் பிறகு எந்த வெள்ளத்தையும் வெள்ளம் என்று சொன்னதில்லை. காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் மத்தியானம் ஆள் மட்டம். அர்த்தநாரி எட்டுப் பேரையும் பிரித்து நிறுத்தினார். மதகுக்கு இரண்டு பேர், வளைவுக்கு மூன்று பேர், கீழ்க்கரைக்கு இரண்டு பேர். சடையனை மட்டும் முக்கியமான எந்த இடத்திலும் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நரிமேடு என்று ஒரு திட்டு, அதில் ஒற்றைப் புளியமரம். காக்க அங்கே ஒன்றும் கிடையாது. கெடுக்கவும் ஒன்றும் கிடையாது. அவனைக் கூட்டிப் போய் அங்கே நிறுத்தினார்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் இந்த எடத்த உட்டு நகரக் கூடாது. தெரிஞ்சுதா?"

"செரிங்க."

"செரி, வாரேன்" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி திரும்பி நடந்தார். எந்த வீட்டு வாசலிலும் சொல்லுகிற அதே வாரேன்தான். கிளம்புகிறேன் என்று அர்த்தம். சொல்லி நான்கு எட்டு வைப்பதற்குள் அவருக்கே மறந்துபோன வார்த்தை.

மறுநாள் காலை அரசமரத்து வளைவு உடைந்தது. அங்கே நின்ற மூன்று பேரும் கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். இனிக் கரையில் யாரும் நிற்பதில் பலனில்லை என்று அர்த்தநாரி ஒவ்வோர் இடமாக ஆளனுப்பி எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்தார். எண்ணினார். ஏழு. எட்டாவது ஆள் நரிமேட்டில். நடுவில் கழுத்தளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. பரிசல் போட்டால் போகலாம். பரிசல்காரன் மருதாசலம் மண்டபத்திலேயே நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"மேட்டுல ஒருத்தன் இருக்கானாமேண்ணா" என்றான் மருதாசலம்.

"இருந்தாத்தானே" என்றார் அர்த்தநாரி. "தண்ணி ஏறுனப்பவே ஓடிருப்பான். வளைவுல பொத்தல் போட்டுவெச்சதே அவந்தான். நான் சாம்பல் போட்டுப் பார்த்தவன். எனக்குத் தெரியாதா?"

அவர் இதை ரகசியமாகச் சொல்லவில்லை. கொடிக்கால் முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு நின்ற ஐம்பது பேர் காதில் விழச் சொன்னார். அடுத்த அரை மணி நேரத்தில் சடையனின் குடிசையிலிருந்த சட்டிபானை எல்லாம் வெளியே வந்து விழுந்தன. ஆராயி இருமிக்கொண்டே மண்டபத்துக்கு வந்து அர்த்தநாரியின் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"என்னக் கேட்டா? உங்கிட்டத்தான் வந்திருப்பான். எங்க ஒளிச்சுவெச்சிருக்கறே?"

அவள் அவரையே பார்த்தாள். "நீங்க வெச்ச எடத்துலதாங்க இருப்பாரு. வேற எங்க போவாரு?" என்றாள். அவள் நேரே போய், கரையில் கட்டிக் கிடந்த பரிசலுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெள்ளம் இழுப்பாக இருக்கிறது, இன்றைக்கு ஆகாது என்று மருதாசலம் சொல்லிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். அவள் அசையவில்லை. மழையில் அப்படியே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். இருமல் சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டது. அர்த்தநாரிக்கும் கேட்டது. அவள் நடிக்கிறாள் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததை அவரால் பிற்காலத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இழுப்பு சற்றுக் குறைந்ததும் மருதாசலம் துடுப்பை எடுத்தான். மத்தியானம் பரிசல் திரும்பி வந்தபோது அதில் மூன்று பேர் இருந்தார்கள். சடையனின் கால்கள் ஊறி வெளுத்து வீங்கியிருந்தன. புளியங்கொழுந்தை மென்று உதடெல்லாம் வெடித்திருந்தது. மம்பட்டியைக் கையிலிருந்து விடவில்லை. கரையில் கூட்டம் கூடிவிட்டது. அர்த்தநாரி கூட்டத்துக்கு முன்னால் நின்றார். நிற்காமல் எங்கே போவது?

"தண்ணி ஏறுனப்ப ஏன்டா வரல?" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நீங்க வாரேன்னு சொல்லிட்டுப் போனீங்களே" என்றான் சடையன். "மொதல்ல நீந்தி வந்தரலாமுன்னுதான் பார்த்தனுங்க. அப்பறம் நெனச்சேன், ஏற்கெனவே எம்மேல உங்களுக்கு ஒரு இது இருக்குது. நீங்க வந்து பாக்கறப்ப நான் எடத்துல இல்லீன்னா, கரைய நாந்தான் வெட்டுனேன்னு ஆயிரும். அதான் மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டனுங்க."

அர்த்தநாரியின் சந்தேகம்தான் அவனை அந்த மரத்தில் கட்டிப்போட்டிருந்தது; அதே சந்தேகம்தான் அவரை இங்கே மண்டபத்தில் உட்கார வைத்திருந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனிடம் கேட்டார்: "வளைவுல நீ என்னதான்டா பண்ணிக்கிட்டிருந்தே?"

"நண்டு புடிச்சனுங்க. ஆராயிக்கு நெஞ்சுச் சளிக்கு நண்டுச்சாறு நல்லதுன்னாங்க. கரையத் தோண்டுனது தெரிஞ்சா வேலய உட்டு நிறுத்திருவீங்கன்னு சொல்லலீங்க. தோண்டுன எடத்தையெல்லாம் களிமண்ணும் வெக்கலும் கொழச்சு நல்லா அடச்சுட்டனுங்க." அவன் முதல் தடவையாக நிலத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தான். "பரிசல் வந்தப்பக்கூட நான் எறங்கலீங்க. மேஸ்திரிதான் அனுப்புனாருன்னு மருதாசலண்ணன் சொன்னப்பறந்தான் எறங்குனேன். நீங்கதானுங்களே அனுப்புனீங்க?"

மருதாசலம் துடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். ஆராயி தண்ணீரைப் பார்த்தாள். இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல அப்போது அர்த்தநாரிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது.

"ம்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் தனியாகப் போய் உடைப்பைப் பார்த்தார். வளைவு முழுக்க நண்டு வளைகள். கரை சல்லடையாக இருந்தது. எட்டு வருஷம் பாலைவனத்துக் கரையையே நினைத்துக்கொண்டிருந்ததில், நம் ஊர்க் கரையை நண்டு தின்னும் என்பது அந்தப் புத்திசாலிக்கு மறந்துபோய்விட்டது. உடைந்த வாயின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரை இடியாமல் துருத்திக்கொண்டு நின்றது. கையை வைத்துப் பார்த்தார். களிமண்ணும் வைக்கோலும் கலந்து அடைத்த அடைப்பு, கல்லாக இறுகியிருந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதார். யாரும் பார்க்கவில்லை என்பதால் இதைச் சொல்லலாம்.

மறுநாள் ஊரைக் கூட்டி, வெட்டினவன் எவனும் இல்லை, எல்லாம் நண்டு செய்த வேலை என்று வளையைக் காட்டிச் சொன்னார். சட்டிபானை போட்டு உடைத்தவர்களே புதுச் சட்டி வாங்கிக் கொடுக்கும்படி செய்தார். சடையனை வேலையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார். ஆராயியின் இருமலுக்குப் பரமத்தி வைத்தியரிடமிருந்து மருந்து வந்தது. எல்லாம் செய்தார், அந்த ஒரு 'ம்'மை மட்டும் திருப்பி எடுக்கவில்லை. அன்றையிலிருந்துதான் அவர் வாயில் வாரேன் என்ற சொல் வருவது நின்றது. போகிறவர் போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாரும் மரத்தில் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார்கள் அல்லவா? சுபேதாரின் வழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த ஆளை எங்கே நிறுத்தினாலும் நேரம் முடிந்ததும் தானே நடந்து போய், தோளைத் தொட்டு, "எறங்கிக்க" என்பார்.

ஆனால் சந்தேகம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். தான் ஆளனுப்பாதது சடையனுக்குத் தெரியுமா, தெரியாதா? ஆராயி சொல்லியிருப்பாளா? இடையில் செத்துப்போன மருதாசலம் சொல்லியிருப்பானா? சடையன் சிரித்தால், அதை நினைத்துச் சிரிக்கிறானோ என்று தோன்றும். சிரிக்காவிட்டாலும் அப்படித்தான். அவன் "செரிங்க" என்று சொல்லும் விதத்தை இத்தனை வருஷமாக அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். இதற்குள் மேட்டூரில் அணை எழும்பி, ஆறு பாதி அடங்கிப்போயிருந்தது.

நாற்பத்து ஒன்றில், அடுத்த சண்டைக்கு ஆள் சேர்க்கச் சேலத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பழைய சிப்பாய்கள் மெடலோடு வர வேண்டும் என்று தாக்கல் வந்தது. அர்த்தநாரி துணைக்குச் சடையனைக் கூட்டிக்கொண்டு போனார். மாலை போட வந்தபோது, மாலைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கொடுத்த சோடாவை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார். ஒரு தலைவனுக்கு இருக்க வேண்டிய குணம் என்ன, அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். அர்த்தநாரி எழுந்தார். "காவலுக்கு ஒருத்தன வெச்சா, வெச்சவனே போயி..." என்று தொடங்கினார். கூட்டத்தின் கடைசி வரிசையில் சடையன் கைகட்டி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பிறகு, "செரி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் சடையன், "நல்லாப் பேசுனீங்க" என்றான். அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அர்த்தநாரி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அணை நிரம்பி, உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பழைய வெள்ளம் அளவுக்கு இல்லை. ஆனாலும் காவல் போட வேண்டியிருந்தது. தண்ணீர் மட்டம் பார்க்க நரிமேட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது. சடையன் தானாகவே போய் நின்றான். அர்த்தநாரி கூடப் போய், "நான் வந்து எறங்கச் சொல்றேன்" என்று சொல்லி விட்டுவந்தார். வீட்டுக்கு வந்ததும் பஸ்ராவில் பிடித்த மலேரியா அவரைத் தூக்கிப் போட்டது. மறுநாள் மத்தியானம் கண் திறந்தபோது, சாயங்காலத்துக்குள் மேட்டைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்துவிடும் என்று தாக்கல் வந்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. செங்கோட்டையன் என்ற ஆளைக் கூப்பிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லி அவன எறங்கி வரச் சொல்லு" என்றார்.

செங்கோட்டையன் போனான், தனியாகத் திரும்பி வந்தான்.

"வரமாட்டேங்கறாருங்க."

"ஏனாம்?"

செங்கோட்டையன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. 'போன தடவையும் மேஸ்திரி அனுப்புனாருன்னுதான் சொன்னாங்க. அவரயே வரச் சொல்லு'ன்னாரு."

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். பத்தொன்பது வருஷமாகத் தெரியுமா தெரியாதா என்று குடைந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. நடுக்கத்திலும் அவருக்கு ஒரு நிம்மதி வந்ததைச் சாலம்மாள் பார்த்தாள். "கயித்துக் கட்டல எடுங்க" என்றார்.

"இந்தக் காச்சல்லயா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் சாலம்மாள்.

"அப்பத்தான் கெட்டிருந்துச்சு, இப்ப இல்ல" என்றார் அவர். அவள் கம்பளியை எடுத்துவந்து அவர் மேல் போர்த்தினாள்.

நான்கு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தடுமாறிக்கொண்டு நரிமேட்டுக்குப் போனார்கள். அதே புளியமரம். அடிக்கிளையில் சடையன் மம்பட்டியோடு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. கட்டிலை மரத்தடியில் இறக்கியதும் அவன் குனிந்து பார்த்தான், ஆனால் இறங்கவில்லை. தூக்கி வந்தவர்களை அர்த்தநாரி தள்ளிப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லார் காதிலும் விழத்தானே அவனைக் குற்றம் சொன்னார்.

"அன்னிக்கு நான் ஆளனுப்பல, சடையா. 'ம்'முன்னு சொன்னது பொய்யி. நீ ஓடிட்டேன்னு ஊர் பூராச் சொன்னேன். ஆராயி போய் உக்காரலீன்னா, பரிசலே வந்திருக்காது."

"தெரியுமுங்க. ஊட்டுக்குப் போனதும் ஆராயி சொல்லிட்டா."

"அப்பறம் இத்தன வருசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

சடையன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அர்த்தநாரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க வந்து சொல்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னுதானுங்களே சொன்னீங்க. நீங்களா வருவீங்கன்னு இருந்தனுங்க" என்றான்.

அர்த்தநாரி கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். பல் கிடுகிடுத்தது. கையை நீட்டினார், கிளையிலிருந்து தொங்கிய அவன் கால்தான் எட்டியது. சுண்டுவிரல் தூக்கி நின்ற அந்த இடது காலைத் தொட்டு, "வந்துட்டேன். எறங்கிக்க" என்றார்.

சடையன் இறங்கினான். மம்பட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, கட்டிலின் முன்கால் ஒன்றைத் தான் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் காலை வைத்தான்.